ஆணியில் தொங்கிய சாவி

மார்கழிக் குளிர். கோயம்புத்தூரில் மகள் வீடு, ஐந்தாவது மாடி. நடுராத்திரியில் விழிப்புத் தட்டிவிட்டது. கைப்பேசியை எடுத்து, மருமகன் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு இடத்தில் விரலால் தொட்டேன். கொழிஞ்சாம்பாறையில் பூட்டிக் கிடக்கிற என் வீட்டு முன்வாசல் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. துளசி மாடம், திண்ணை, கம்பிக் கதவு. மூலையில் நேரம், 2.10. கேட் திறந்து கிடந்தது. அதற்கு உள்பக்கம் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். தோளில் பை. தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிய துண்டு. முகம் தெரியவில்லை.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எதிர் வீட்டு எண்ணைத் தேடி எடுத்தேன். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. 'திருடன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தெருவே எழுந்து ஓடி வந்துவிடும். எங்கள் தெருக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை ஏன் அங்கேயே நிறுத்திக்கொண்டேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுதத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது அமுச்சியின் சாவி.

அமுச்சி என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவள். அவள் வீட்டுச் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். இரும்புச் சாவி, கைபட்டுக் கைபட்டுப் பிடி மட்டும் வழவழவென்று மின்னும். எங்காவது கிளம்பினால் அமுச்சி அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனதே இல்லை. எதிரில் ராவுத்தரம்மா வீட்டு நடையில் ஒரு ஆணி அடித்திருந்தது. அதில் கொண்டுபோய் மாட்டுவாள். "சாவி இருக்குதுங்க, ரெண்டு நாள்ல வந்துருவேன்." உள்ளேயிருந்து பதில் வரும்: "போயிட்டு வாங்க, வெளக்கு நான் வெச்சர்றேன்." அவ்வளவுதான். ரெண்டு நாளும் சாயங்காலம் எங்கள் வாசல் மாடத்தில் ராவுத்தரம்மா அகல் ஏற்றுவாள். வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவுக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது.

அந்த வீடே ஒரு கோட்டை மாதிரிதான் இருந்தது. பலாமரக் கதவு, உள்பக்கம் குறுக்குக்கட்டை. சுவரில் இரண்டு பக்கமும் குழி விட்டு அந்தக் கட்டையைச் செருகி வைப்பார்கள். நகை அரிசிப்பானைக்குள் இருக்கும். ஆனால் சுவர் மண் சுவர். அமுச்சி சிறுமியாக இருந்தபோது கன்னம் வைத்துத் திருடுகிற கூட்டம் உண்டாம். கன்னக்கோல் என்பது கூரான இரும்புக் கோல். மழைக்காலத்தில் ஊறிய சுவரின் அடியில் அதைக் கொடுத்துத் திருகினால் சத்தமில்லாமல் மண் உதிரும், ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழும். ஓட்டு வீடென்றால் மேலே ஏறி நாலு ஓட்டைப் பிரித்துக் கயிற்றில் இறங்குவார்கள். இதற்கும் மழைதான் துணை. ஓட்டின் மேல் மழை அடித்தால் கீழே படுத்திருப்பவர்களுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. இன்றைக்கும் இடவப்பாதி தொடங்கும்போது மழைக்காலத் திருட்டுக்கு எச்சரிக்கையாக இருங்கள் என்று கேரளப் போலீஸ் சொல்கிறதே, அது அமுச்சிக்கு அவள் அம்மா சொன்னதுதான்.

எல்லை ஊர் என்பதால் பயம் இன்னும் கூடுதல். அந்தக் காலத்தில் சித்தூர் வட்டம் கொச்சி ராஜாவுடையது. மேற்கே பாலக்காடு, வெள்ளைக்காரனின் மலபார் ஜில்லா. கிழக்கே கோயமுத்தூர் ஜில்லா. களவாண்டவன் ராவோடு ராவாக ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம், வேறு போலீஸ். அதனால் எங்கள் பாதுகாப்பைப் பெரும்பாலும் நாங்களே பார்த்துக்கொண்டோம். அதிலும் பெரிய காவல் யார் தெரியுமா? கள் இறக்குகிறவர்கள். சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்கு இன்றும் கள் வண்டி போகிறது. விடியும் முன்பே அவர்கள் மரத்தில் இருப்பார்கள். ஏறும் முன் குரல் கொடுப்பார்கள், கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் விலகிக்கொள்ளட்டும் என்று. மேலே போய்விட்டால் ஊர் முழுக்க உள்ளங்கை மாதிரித் தெரியும். எந்த வீட்டுப் புறவாசல் திறந்திருக்கிறது, எந்தத் தொழுவத்தில் மாடு அவிழ்ந்திருக்கிறது, எல்லாம் தெரியும். எங்கள் தோப்பில் ஏறுகிறவர் ஒருநாள் மேலேயிருந்தே கத்தினார்: "அம்மிணி, பொறக்கதவு தாப்பாப் போடாம கெடக்குது, உங்க அமுச்சிகிட்டச் சொல்லு!" காவலுக்கென்று அவருக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அவர் வேலையே அவரை ஊர் பார்க்கிற உயரத்தில் வைத்திருந்தது.

1985இல் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது, இடுக்கி மலையில், வண்டன்மேட்டுப் பக்கம். தமிழ் வகுப்பு உள்ள பள்ளி. கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து போவேன். பொள்ளாச்சி, பழநி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி, கம்பத்தில் ஜீப் பிடித்தால் வளைந்து வளைந்து கம்பம்மெட்டு. அங்கே செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஏலக்காய் வாசம். காலையில் அந்த ஜீப்பெல்லாம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களால் நிரம்பியிருக்கும். பொழுது சாய்ந்தால் திரும்பி இறங்கும். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து வருவார்கள். என்னைக் கண்டால் ஒடுங்கி இடம் கொடுப்பார்கள். "டீச்சரம்மா உக்காரட்டும்."

ஏலக்காய் இருக்கிற இடத்தில் காவல் இல்லாமல் முடியாது. செடியின் அடியில் தரையோடு தரையாகச் சரம் ஓடும். காய் அதில்தான். பொழுதெல்லாம் குனிந்து ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டிய வேலை அது. திருட வருகிறவன் அவ்வளவு நேரம் குனிவதில்லை. கத்தியால் சரத்தையே அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான். காயும் போச்சு, அந்தச் சரத்தில் அடுத்து வரவேண்டியதும் போச்சு. 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, என்னிடம் படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: "டீச்சர், இப்ப தோட்டத்துல தூங்குறதுதான் எங்க வேலை." விலை ஏறினால் உறக்கம் போகும். மலையில் அது பழைய கணக்கு.

நான் வாடகைக்கு இருந்த வீடு சாலையிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில், ஒரு மிளகுத் தோட்டத்து ஓரமாக இருந்தது. தகரக் கூரை. 1991, மிதுன மாத மழை. அமுச்சி இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. கையில் கிடைத்ததைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கருமாதி முடித்து, பதினாறு நாள் கழித்துத் திரும்பினேன். முன்கதவுப் பூட்டு அப்படியே தொங்கியது. திறந்து உள்ளே போனால் சமையலறையில் வானம் தெரிந்தது.

மாசி மாதம் மிளகு பறித்துவிட்டுப் பின்சுவரில் சாத்திய மூங்கில் ஏணி, நாலு மாதமாக அங்கேயே நின்றிருந்தது. கடப்பாரை விறகுக் கொட்டகையில் சாய்ந்திருந்தது. இரண்டும் என்னுடையவை. வந்தவன் வெறுங்கையோடு வந்து, என் ஏணியில் ஏறி, என் கடப்பாரையால் தகரத்தை நெம்பி இறங்கியிருக்கிறான். இரண்டு வளையல், கொஞ்சம் பணம், அமுச்சி எனக்குக் கொடுத்த கெம்புத் தோடு. அவளைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அந்தத் தோடும் இல்லை என்று தெரிந்தபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்திருந்தான். அரிசி நனைந்து பூசணம் பூத்திருந்தது. எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது காணாமல் போன தங்கம் அல்ல, வீட்டுக்குள் பூசணம் பூத்த அந்த அரிசி.

சாயங்காலத்துக்குள் ஆள் கூடிவிட்டது. "பாண்டிக்காரன்தான்" என்றார்கள். அந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்காரர்களை அப்படிச் சொல்வார்கள். நானும் தமிழச்சிதான். ஆனால் நான் டீச்சர், என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பையனைப் பிடித்து ஏலக்காய் ஸ்டோர்த் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயசிருக்கும். கம்பம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவன். சட்டை கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. "டீச்சர் பறயட்டெ", டீச்சர் சொல்லட்டும் என்று கூட்டம் என் பக்கம் திரும்பியது. நான் பார்த்தேன். தெரிந்த முகம். "ஊருக்குக் கிளம்பிய அன்று இவன் என் வீட்டுக் குழாயில் தண்ணி குடிச்சான்" என்றேன்.

அது பொய் அல்ல. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், நான்தான் குழாயைக் காட்டினேன். ஆனால் காட்டினேன் என்பதை நான் சொல்லவில்லை. குடித்தான் என்பதை மட்டும் சொன்னேன். அடுத்த அடி என் வாக்கியம் முடிவதற்குள் விழுந்தது. நிறுத்துங்கள் என்று நான் கத்தியபோது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் குறுக்கே புகுந்து அவிழ்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். மூன்று வாரம் கழித்துத் தோடு ஒரு அடகுக்கடையில் அகப்பட்டது. வைத்தவன் எல்லைக்கு அப்பால் இருந்து வந்தவன் அல்ல. எங்கள் கடைத்தெருவிலேயே தினமும் நின்றவன், நான் ஊருக்குப் போகிறேன் என்று பஸ் ஸ்டாப்பில் வைத்து என் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவன். தோட்டில் ஒரு கல் உதிர்ந்திருந்தது. இத்தனை வருஷமாகியும் அந்தக் கல்லை நான் பதிக்கவில்லை.

பையன் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. ஒருநாள் இறங்குகிற ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தானாகவே பேசினார். "டீச்சரம்மா, அந்தப் பய எங்க ஊரு." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார். "எங்களுக்கு இது புதுசில்ல தாயி. எங்க தாத்தன் காலத்துல பொழுது சாஞ்சா டேசனுக்குப் போயி, ரேகை வச்சிட்டு அங்கனயே படுக்கணும். வெளியூரு போனா ராத்திரிச் சீட்டு வாங்கணும். களவாண்டானா இல்லையான்னு யாரு கேட்டா? பொறந்ததே குத்தம்னு எழுதி வச்சிட்டான்." வளைவில் ஜீப் சாய்ந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நெல்வயல் பச்சையாகக் கிடந்தது.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். ரேகைச் சட்டம் என்று அவர்கள் சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே 1871இல் வந்தது, திருத்தப்பட்டு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்களையும் இன்னும் பல சமூகங்களையும் அதன் கீழ்க் கொண்டுவந்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல், நாடு முழுவதும் போனது 1952இல். என்னை உலுக்கியது இன்னொன்று. அந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் அதற்கு முன் தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்தவர்கள் அவர்கள்தான். ஊர் காவற்கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கொடுக்க வேண்டும். களவுபோன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி. அதில் அநியாயமும் நடந்தது. கூலி கொடுக்காதவன் மாடு காணாமல் போவதும் உண்டு. பொறுக்க முடியாமல் 1896இல் திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் பொதுவில் பணம் போட்டுப் பண்டு சேர்த்து, தங்கள் காவலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. பழைய காவல்காரர்களின் வீடுகளுக்குத் தீ வைத்து ஊரை விட்டே துரத்தினார்கள். வீடுகளைக் காக்க ஊர் ஒன்று கூடுவது எவ்வளவு நல்ல காரியம், அது எத்தனை சீக்கிரம் இன்னொருவன் வீட்டைக் கொளுத்துவதில் போய் முடியும் என்று படிக்கப் படிக்க, ஸ்டோர்த் தூணுக்கு முன்னால் என் பக்கம் திரும்பிய முகங்கள் கண்முன் வந்தன.

2016இல் ஓய்வு பெற்றுக் கொழிஞ்சாம்பாறைக்கே வந்துவிட்டேன். அமுச்சி வீட்டை இடித்துக் கட்டிய வீடு. 2018 தொடக்கத்தில் ஒரு கலவரம். வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பிள்ளை பிடிக்கிற கூட்டம் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறது என்று வாட்ஸ்ஆப்பில் பரவியது. கேரளம் முழுக்க ஜன்னலைச் சுரண்டிப் பார்த்தார்கள். கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக் கடைக்காரர்கள் ஒட்டுகிற துண்டுகள் அவை என்று போலீஸ் விளக்கியது. அதற்குள் பிச்சை எடுப்பவர்கள், தெருவில் விற்க வருகிறவர்கள் எங்கெங்கோ அடிபட்டார்கள். பிப்ரவரி 22ஆம் தேதி, எங்கள் ஜில்லாவிலேயே, அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். அரிசி திருடினார் என்று குற்றம். கைகளைக் கட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, அடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் போகும் வழியில் அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் படத்தை டிவியில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. அரிசி என்ற சொல் என் வீட்டுத் தரையில் பூசணம் பூத்துக் கிடந்த அரிசியாகவே தெரிந்தது. கட்டப்பட்ட அந்தக் கைகளை எனக்கு 1991இலிருந்தே தெரியும்.

பிறகு 2024 நவம்பர். ஆலப்புழை மண்ணஞ்சேரிப் பக்கம் ராத்திரியில் சமையலறைக் கதவை நெம்பிப் புகுந்து, தூங்குகிற பெண்களின் கழுத்திலிருந்து நகையை அறுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த குறுவாக் கும்பல் என்று பத்திரிகைகள் எழுதின. திருட்டு நிஜம், பறிகொடுத்தவர்களின் நடுக்கமும் நிஜம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு கும்பலுக்குப் பிறப்பைச் சுட்டுவது போல ஒலிக்கிற பெயரை ஒட்டிவிட்டால், அது அந்தக் கும்பலோடு நிற்பதில்லை. ஈயம் பூச வருகிறவர், பழைய பாத்திரம் எடுக்க வருகிறவர், தலையில் பாய் சுமந்து வருகிறவர் எல்லார் மேலும் விழும். கம்பத்தில் கேட்டால் திருடன் மலையிலிருந்து இறங்குகிறான். வண்டன்மேட்டில் கேட்டால் கம்பத்திலிருந்து ஏறுகிறான். கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சியைக் காட்டுவார்கள். இப்போது மூன்று ஊருமே வடக்கத்தியானைக் காட்டுகின்றன.

அந்தப் பயத்தில்தான் எங்கள் தெருவில் குடியிருப்போர் கூட்டம் போட்டோம். இளைஞர்கள் தடியோடு ராத்திரி ரோந்து போகலாம், புது ஆள் தென்பட்டால் நிறுத்தி விசாரிக்கலாம் என்றார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து, 1991இல் நடந்ததை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீர் குடித்தான் என்று நான் சொன்னதையும் சொன்னேன். கூட்டம் அமைதியாக இருந்தது. பிறகு, படித்து வைத்திருந்த ஒரு ஊரின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கிர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. இரண்டாயிரத்துக்கு மேல் வீடுகள், ஓயாத திருட்டு. 1980களின் பிற்பாதியில் அங்கே ஒரு முயற்சி நடந்தது. பறிகொடுத்தவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் மட்டுமல்ல, பிடிபட்ட திருடர்களிடமும் போய்க் கேட்டார்கள். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஒருமுறை களவுபோன வீட்டுக்கே கொஞ்ச நாளில் மறுபடி வருகிறான். வழி தெரிந்துவிட்டதல்லவா? இரண்டு, வீட்டுக்குள் காசு போட்டு ஓட்டுகிற மீட்டர்ப் பெட்டிகள் இருந்தன, அந்தக் காசு இழுத்தது. பெட்டிகளை எடுத்தார்கள். களவுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரைப் பேசிச் சேர்த்து, ஒரு கூடு மாதிரி அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் திருட்டு நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. தடி வேண்டியிருக்கவில்லை. சுற்றியுள்ளவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தது போதுமானதாக இருந்தது.

எங்கள் ஸ்டேஷனின் ஜனமைத்ரி பீட் போலீஸ் பெண்ணும் அன்று வந்திருந்தாள். 2008 மார்ச்சில் 20 ஸ்டேஷன்களில் தொடங்கிய திட்டம் அது. போலீஸே வீடு வீடாகப் போய்க் குடும்பத்தைத் தெரிந்துகொள்வதுதான் அதன் சாரம். அவள் சொன்னது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஏணி, கடப்பாரை, மண்வெட்டியை வெளியே விடாதீர்கள். திருட்டு பெரும்பாலும் புறக்கதவு வழியே, முன்கதவுக்குப் போடுகிற பூட்டின் பலத்தை அதற்கும் கொடுங்கள், உள்பக்கம் இரும்புப் பட்டை போடுங்கள். ஊருக்குப் போனால் பகலில் விளக்கு எரிய விட்டுப் போகாதீர்கள், பட்டப்பகலில் எரிகிற விளக்கே ஆள் இல்லை என்று காட்டிக் கொடுக்கும். பேப்பரும் பால் பாக்கெட்டும் வாசலில் சேரக் கூடாது. பயணத்தைப் போகும்போதே ஊருக்கெல்லாம் படம் போட்டுச் சொல்லாதீர்கள், திரும்பி வந்து சொல்லுங்கள். போலீஸின் போல்ஆப்பில் பூட்டிய வீட்டு விவரம் கொடுத்தால் 14 நாள் வரை ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் கையை ஓங்காமல் 112க்கு அழையுங்கள். கேட்கக் கேட்க எனக்கு ராவுத்தரம்மாவின் அகல் விளக்கு நினைவு வந்தது.

நாங்களும் ஆறு ஆறு வீடாகப் பிரித்தோம். என் வீட்டைச் சுற்றி எண்ணியபோது ஐந்துதான் வந்தது. ஆறாவது வீடு பின்சந்தில், ஒடிசாப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற ஒற்றை அறை. "அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் டீச்சர்" என்றார் ஒருவர். வேண்டும் என்றேன். கஞ்சிக்கோட்டு மில்லில் அவர்களுக்கு ராத்திரி ஷிப்ட். ஊர் தூங்குகிற நேரத்தில் இந்தத் தெருவில் நடந்து வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். மரத்தின் மேல் இருந்தவருக்கு ஊர் தெரிந்தது போல, அந்த நேரத்துத் தெரு அவர்களுக்குத்தான் தெரியும். பீட் போலீஸ் பெண்ணோடு போய்ப் பேசி, அவர்கள் எண்ணை நாங்களும் எங்கள் எண்ணை அவர்களும் எழுதிக்கொண்டோம். வாசல் குழாயைக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதனால்தான் அந்த ராத்திரி 2.10க்கு என் கட்டைவிரல் தயங்கியது. எதிர் வீட்டுக்கு அழைத்தேன். ராவுத்தரம்மாவின் பேத்தி எடுத்தாள். திருடன் என்று சொல்லவில்லை. "கண்ணு, நம்ம கேட்டுக்குள்ள யாரோ நிக்கறாங்க, யாருன்னு ஜன்னல் வழியாப் பாரு, வெளிய வராத" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள் குரல்: "பின்னாடி வீட்டுப் பையனுங்க, அம்மா. காத்துல கேட்டு தெறந்துக்கிச்சாம். மூடப் பாக்கறான், கொண்டி நிக்க மாட்டேங்குது." மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும், கொண்டி சரியாக விழாத எந்தக் கேட்டும் அதற்குத் தாங்காது. படத்தில் பார்த்தேன். அவன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தான். வெளியே வந்து, கேட்டை இழுத்துப் பிடித்து, இரண்டு கம்பிகளையும் சேர்த்து அந்தத் துண்டால் இறுக்கி முடிச்சுப் போட்டான். காதைக் கைகளால் பொத்திக்கொண்டு குளிரில் நடந்து போனான். நான் விடியும்வரை அந்தத் துண்டு காற்றில் படபடப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

நாலு நாள் கழித்து ஊர் திரும்பினேன். துண்டு அப்படியே இருந்தது, நீலக் கட்டம் போட்ட பருத்தித் துண்டு. முடிச்சு இறுகிப் போயிருந்தது, அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதிர் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். பேத்தி நடையைக் காட்டினாள். பழைய வீட்டை அவர்களும் இடித்துக் கட்டிவிட்டார்கள், ஆனால் நடைச் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன். கொண்டியைச் சரிசெய்யக் கொல்லரை வரச் சொன்னேன். சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவன் தண்ணீர் பிடிக்க வருவான், அப்போது கொடுக்க வேண்டும்.